குடத்தில் வெட்டிய பேர்

நீலாம்பாளுக்கு நன்றியை வாங்கிக்கொள்ளத் தெரியாது. யாராவது கையெடுத்துக் கும்பிட்டால் போதும், நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுவாள். "எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? எங்க தெருவுல சித்ரலேகான்னு ஒருத்தி இருக்கா. அவளைப் பாத்தா அவகிட்டச் சொல்லுங்க" என்பாள். கும்பிட்டவர் ஒன்றும் புரியாமல் முழிப்பார். சிலர் வக்கீல் அம்மா யாரோ போலிருக்கிறது என்று நினைத்துப் பேரைக்கூட எழுதி வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சித்ரலேகா வக்கீலும் இல்லை, போலீசும் இல்லை. நீலாம்பாள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறவள், அவ்வளவுதான். அவளுக்கு எதற்கு ஊர் நன்றி போக வேண்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்குப் போகிற வழியில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் வக்கீல் பாக்கியசீலனின் ஆபீஸ். படியேறினதும் முதல் மேஜை குமாஸ்தா நீலாம்பாளுடையது. வயது ஐம்பத்து மூன்று. போர்டில் இருக்கிற பேர் வக்கீலுடையதுதான். ஆனால் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைப் பார்க்காமலே இறங்கிப் போய்விடுவார்கள். வந்த சந்தேகம் முதல் மேஜையிலேயே தீர்ந்துவிடும்.

சந்தேகங்கள் என்றால் அப்படி இப்படி இல்லை. ஒரு விவசாயி சம்மனை மடித்து வேட்டி மடியில் சொருகிக்கொண்டு வந்து நடுங்கினார். "தாயி, பேப்பர்ல எம்பேரு வந்திருக்கு. பிடிச்சிட்டுப் போயிருவாவளா?" நீலாம்பாள் வாங்கிப் படித்தாள். "சாட்சின்னு போட்டிருக்கு. சாட்சின்னா கண்ணால பாத்ததைச் சொல்லுத ஆளு. போயிப் பாத்ததைச் சொல்லிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருவிய. போகாம இருந்தாத்தான் தொந்தரவு." மனுஷன் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

பேன்சி கடை எலியேசர் அண்ணாச்சிக்கு வேறு விதமான சந்தேகம். "தண்டனைச் சட்டத்துக்கே பேரை மாத்திட்டாவளாம்லா? அப்ப எம்மேல கெடக்க பழைய கேஸு செல்லாதுல்லா?" முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "கல்யாணமாகி பொம்பளைக்கு இனிஷியல் மாறுனா பொறந்த தேதி மாறுமா அண்ணாச்சி? பழைய கேஸு பழைய சட்டத்துலயே நடக்கும். பதினெட்டாந்தேதி வாய்தா, ஒழுங்கா வந்து சேருங்க" என்று அந்தச் சந்தோஷத்தைப் பிடுங்கி அனுப்பினாள்.

ஆபீஸில்தான் என்று இல்லை. வண்ணார்பேட்டையில் டவுன் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரி காதோடு கேட்பாள், மனு கொடுத்ததுக்கு ஸ்டேஷனில் ஒரு ரசீது தந்தார்களே, அதுதான் எஃப்.ஐ.ஆரா என்று. "இல்ல, அது மனு வாங்குனதுக்கு ரசீது. எஃப்.ஐ.ஆர். தனி. அது போட்டா நகல் சும்மாவே தரணும். கேட்டு வாங்குங்க." கல்யாண வீட்டுப் பந்தியில் ரசம் ஊற்றுகிறவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பான், எஃப்.ஐ.ஆரில் பேர் வந்தால் குற்றவாளி ஆகிவிட்டதாக அர்த்தமா என்று. "அது ஆரம்பம்தான் தம்பி. கோர்ட்டு தீர்ப்பு சொல்லுத மட்டும் யாரும் குற்றவாளி கிடையாது. ரசத்தை ஊத்து" என்பாள்.

பேப்பர் இருக்கா, என்ன தேதி, யார் கையெழுத்து. இந்த மூன்றையும் கேட்காமல் அவள் வாயைத் திறக்க மாட்டாள். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல மாட்டாள். "எனக்குத் தெரியல, ஐயாகிட்டக் கேட்டுச் சொல்லுதேன்" என்பாள். 'ஒண்ணும் ஆகாது, பயப்படாதிய' என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் எவ்வளவு அசட்டுத்தனமான கேள்வி கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டாள். வக்கீல்களே சிரித்துவிடுகிற கேள்விக்கும் சிரிக்க மாட்டாள். பொறுமைசாலி என்று ஊரில் பேர். உண்மையில் அது பொறுமை இல்லை. ஒரு காலத்தில் அவளுக்கும் அப்படி ஒரு அசட்டுக் கேள்வி இருந்தது. கேட்க ஆள் இல்லாமல், கேட்கத் துணிச்சலும் இல்லாமல் விழுங்கிவிட்டாள். அதை விழுங்கின பாவம் இன்னொருத்தி தலையில் விடிந்தது.

போன வருஷம் ஆவணியில் ஒரு திங்கட்கிழமை. சித்ரலேகா மாடிப்படி ஏறி வந்தாள். முப்பத்தொரு வயது, பி.எட். முடித்து எத்தனையோ வருஷம் வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவள். அந்த வருஷம்தான் அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வில் பாஸாகி, பட்டியலில் பேரும் வந்திருந்தது. புருஷன் பாலசுப்பிரமணியன் ஜவுளிக்கடையில் நிற்கிறவன். சந்தோஷத்தில் தெரு முழுக்க லட்டு கொடுத்தான். அன்றைக்கோ அவளுக்குத் தலை வாரக்கூட மனம் இருந்ததாகத் தெரியவில்லை.

"அக்கா, எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள். எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். ஒரு கவரை நீட்டினாள்.

நீலாம்பாள் படித்தாள். வேலையில் சேருமுன் நிரப்பிக் கொடுத்த படிவத்தில், 'உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் பதிவாகியுள்ளதா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். காவல்துறை சரிபார்த்ததில் உங்கள் பேரில் ஒரு வழக்கு நிலுவையில் இருப்பது தெரிய வருகிறது. உண்மையை மறைத்ததற்காக உங்கள் தேர்வை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும்.

"நான் ஸ்டேஷன் வாசலை மிதிச்சதே இல்லக்கா. எம்பேருல எப்படிக்கா கேஸு?"

நீலாம்பாள் வழக்கப்படி தேதியைப் பார்த்தாள். கடிதத்தின் கடைசி வரியில் குற்ற எண்ணும் வருஷமும் இருந்தன. ஒன்பது வருஷத்துக்கு முந்தின வருஷம். அதற்கு மேல் அவளுக்கு எழுத்து தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

"எவளோ எம்பேரைத் திருடிட்டாக்கா. அவ நல்லா இருப்பாளா?" என்று சித்ரலேகா அழுதாள். நல்லா இருப்பாளா என்று கேட்கப்பட்டவள் எதிரே உட்கார்ந்து, "நகல் மனு போட்டு எஃப்.ஐ.ஆர். எடுத்துப் பாப்போம், ரெண்டு நாள் பொறு" என்றாள்.

ஒன்பது வருஷத்துக்கு முந்தின சித்திரை மாசம். வண்ணார்பேட்டைக்குப் பின்னால் அவர்கள் தெருவில் பூமிக்கடியில் பைப் உடைந்து பத்தொன்பது நாள் தண்ணீர் வரவில்லை. கூப்பிடு தூரத்தில் தாமிரபரணி ஓடுகிறது. வீட்டில் அரிசி களையத் தண்ணீர் இல்லை. பெண்கள் கூடிப் பேசி, வீட்டுக்கு ஒரு ஆள் குடத்தோடு ரோட்டில் உட்காருவது என்று முடிவு செய்தார்கள். ஆள் வராத வீட்டுக்குக் குழாயடியில் கடைசி முறை. அந்தத் தெருச் சட்டத்துக்கு அப்பீல் கிடையாது.

சித்ரலேகாவுக்கு அப்போது மூணு மாசம். எழுந்தால் வாந்தி, படுத்தால் மயக்கம். தன் எவர்சில்வர் குடத்தை நீலாம்பாளிடம் கொடுத்து, "எனக்கும் சேத்து நீங்க உக்காருங்கக்கா. எங்க வீட்டுக் குடம் வந்திருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ" என்றாள். கல்யாணத்துக்கு வந்த சீர்க்குடம் அது. பாத்திரக் கடையில் பேர் வெட்டிக் கொடுப்பார்களே, அப்படிக் கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக 'பா. சித்ரலேகா' என்று வெட்டியிருந்தது. நீலாம்பாள் தன்னுடைய பிளாஸ்டிக் குடத்தை ஒரு இடுப்பிலும் அதை மறு இடுப்பிலும் வைத்துக்கொண்டு போனாள்.

ஒரு மணி நேரம் பஸ் நின்றது. அப்புறம் போலீஸ் வந்து முப்பத்தேழு பேரையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். மற்றப் பெண்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மின்விசிறிக்குக் கீழே காலை நீட்டிச் சாய்ந்து, எலுமிச்சை சாதத்தில் உப்பு குறைவு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நீலாம்பாள் மட்டும் தன் சாதப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அவள் புருஷன் அம்மையப்பன் அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து விழுந்து நாலு மாசம் ஆகியிருந்தது. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்த ஒரு சர்ட்டிபிகேட்டை வைத்துக்கொண்டு அலைந்ததில், அந்த வாரம்தான் வக்கீல் பாக்கியசீலன் "வியாழக்கிழமை வந்து சேருங்கம்மா" என்று சொல்லியிருந்தார். இது செவ்வாய்க்கிழமை. கேஸில் மாட்டினவளை ஒரு வக்கீல் வேலைக்கு வைத்துக்கொள்வாரா? மறியலில் பிடித்தால் வேலை போய்விடுமா? அதுதான் அவளுடைய கேள்வி. மண்டபத்தில் யாரிடம் கேட்பது?

பெண் போலீஸ் நோட்டும் பேனாவுமாக வரிசையாக எழுதிக்கொண்டு வந்தாள். பாவம், காலையிலிருந்து வெயிலில் நின்றவள். நீலாம்பாள் முன்னால் வந்து, "பேரு?" என்றாள். நீலாம்பாளுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. அந்தம்மாவின் பார்வை மடியில் இருந்த குடத்தில் விழுந்தது. "சித்ரலேகாவா? குடத்துல போட்டிருக்கே."

நீலாம்பாள் தலையை ஆட்டினாள்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு தலையாட்டல். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது, புருஷன் பேர் என்ன என்று. இனிமேல் எப்படி மாற்றுவது? பாலசுப்பிரமணியன் என்றாள். கதவு எண் பதினாலு என்றாள். சாயங்காலம் சொந்த ஜாமீன் தாளில் 'சித்ரலேகா' என்று கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தாள்.

மறியலுக்கு மறுநாளே லாரியில் தண்ணீர் வந்தது. மாசத்துக்குள் புதுப் பைப்பும் வந்தது. குடத்தைத் திருப்பிக் கொடுத்தபோது சித்ரலேகா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிக்கா. எனக்கும் சேத்து வெயில்ல உக்காந்தியளே" என்றாள். அன்றையிலிருந்துதான் நன்றி என்ற வார்த்தையைக் கேட்டாலே நீலாம்பாளுக்கு நாற்காலி சுடுகிறது.

இன்னொரு கூத்தும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, மறியலில் கைதான ஒருத்தர் பயந்துபோய் ஆபீஸுக்கு வந்தார். பாக்கியசீலன் சிரித்துவிட்டார். "மறியல் கேஸா? நானே காலேஜ்ல படிக்கும்போது ரெண்டு தடவை மண்டபத்துச் சாப்பாடு சாப்பிட்டிருக்கேன்" என்றார். முதல் மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்த நீலாம்பாளுக்கு விரல் நின்றுவிட்டது. ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்டிருந்தால் போதும். அப்போதாவது போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சம்மன் வரவில்லை, போலீஸ் வரவில்லை, ஒரு வருஷம் போயிற்று, இரண்டு வருஷம் போயிற்று. கேஸ் செத்துப்போயிருக்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். பதிலுக்கு, யார் என்ன கேட்டு வந்தாலும் சொல்லிக் கொடுத்தாள். ஊருக்கெல்லாம் பதில் சொன்னால் ஒருத்திக்குச் சொல்லாதது சரியாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

புதன்கிழமை நகல் கிடைத்தது. வரிசை எண் இருபத்து மூன்று, சித்ரலேகா, கணவர் பெயர் பாலசுப்பிரமணியன். நகலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கோர்ட் வளாகத்தில் நின்றாள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த நேரத்தில் அவள் மனசு நல்ல வழியில் போகவில்லை. யாரோ பேரை மாற்றிச் சொல்லிவிட்டார்கள் என்று பொதுவாக ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்தால் என்ன? யார் என்று கேட்டால் தெரியாது என்று சொன்னால் என்ன? ஆனால் அவளே எத்தனை பேருக்கு அப்படிப்பட்ட விளக்கத்தை வாங்கிப் படித்து, 'இதுக்கு அத்தாட்சி எங்க?' என்று திருப்பிக் கொடுத்திருக்கிறாள்! அன்றைக்கு வீட்டில் மசக்கையில் படுத்திருந்ததற்கு சித்ரலேகாவிடம் என்ன காகிதம் இருக்கும்? மதுரையில் ஹைகோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்கலாம். ஜெயிக்கிறதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். பதினைந்து நாளில் அவளைக் காப்பாற்றக் கூடிய ஒரே சாட்சி, மண்டபத்தில் தலையை ஆட்டின ஆள்தான்.

மத்தியானம் பாக்கியசீலன் ஜெபம் செய்துவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார். எழுபது வயது மனுஷன். சாப்பிடும்போது யாரும் பேசினால் பிடிக்காது. நீலாம்பாள் உள்ளே போய் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவள் வாயில் வந்த கேள்வி, ஆயிரம் பேர் அவளிடம் கேட்ட அதே கேள்விதான்.

"ஐயா, என்னைப் பிடிச்சிட்டுப் போயிருவாவளா?"

அவர் பாத்திரத்தை மூடி வைத்தார். சிரிக்கவில்லை. "பேப்பர் இருக்கா?" என்றார். கொடுத்தாள். தேதியைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார்.

"மறியல் கேஸ் உயிரில்லாத கேஸ். குற்றப்பத்திரிகையே போடல. இத்தனை வருஷத்துக்குப் பிறகு கோர்ட் அதைக் கையில எடுக்காது. ஆனா போலீஸ் ரெக்கார்டுல பேர் நிக்குது, அதுதான் அந்தப் பொண்ணைப் பிடிச்சிருக்கு. நீங்க பிரமாண வாக்குமூலம் கொடுத்தா அது விடும்." நகலை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "பொய்ப் பேர் கொடுத்தது குற்றம்தான் நீலாம்மா. அதுக்கும் காலக்கெடு தாண்டிருச்சுன்னு நான் வாதாடுவேன். ஆனா அந்தப் பொண்ணு உங்க மேல புகார் கொடுத்தா விசாரணைன்னு ஒண்ணு வரும். ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம ஆபீஸ்ல அப்படிச் சொல்ற வழக்கம் இல்லையே."

"நான் இனி வேலைக்கு வரலாமாய்யா?"

"வராம? நாளைக்கு எலியேசரோட கேஸ் கட்டை நானா தேடி எடுப்பேன்?" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன சாதத்தைச் சாப்பிட ஆரம்பித்தார். அந்த மனுஷனுக்கு எத்தனை ஜென்மத்துக்கு நன்றி சொன்னாலும் தீராது என்று நீலாம்பாள் இன்றைக்கும் சொல்கிறாள்.

அன்று சாயங்காலமே சித்ரலேகா வீட்டுக்குப் போனாள். சித்ரலேகா வழக்கம்போல் காப்பி போட எழுந்தாள். "வேண்டாம்ட்டி, உக்காரு. எம்பேச்சு முடிஞ்ச பொறவு காப்பி தரணும்னு ஒனக்குத் தோணாது" என்று ஆரம்பித்து, குடத்திலிருந்து கையெழுத்து வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சித்ரலேகா எடுத்த காப்பிப் பாத்திரத்தைத் திரும்பக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம், "ஒம்பது வருஷமா இங்கன வந்து உக்காந்து காப்பி குடிச்சிருக்கிய" என்றாள்.

"ஆமா."

"எவ எம்பேரைத் திருடினான்னு உங்ககிட்டயே வந்து அழுதேன். கேட்டுட்டு இருந்திய."

"ஆமாட்டி."

"போங்கக்கா. நான் ஏதாவது சொல்லிருவேன். எந்திச்சுப் போங்க."

நீலாம்பாள் எழுந்து வந்தாள். அதற்கப்புறம் எட்டு நாள் அந்த வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை. சித்ரலேகா கையெழுத்துப் போட வேண்டிய தாள்களைப் பாலசுப்பிரமணியன் ஆபீஸுக்கு வந்து முகத்தைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போவான், கையெழுத்தானதும் கொண்டுவந்து மேஜையில் வைப்பான். தெருக் குழாயில் இருவரும் எதிரெதிரே நின்றால், சித்ரலேகா பாதிக் குடத்தோடு திரும்பிப் போய்விடுவாள். திட்டியிருந்தால்கூட நீலாம்பாளுக்குத் தேவலை. வீட்டில் அம்மையப்பன் மட்டும், கோணின வாயால், "செய்ததைச் சொல்லிட்ட. இனி சாப்பிடு" என்று தினமும் தட்டைத் தள்ளி வைப்பார்.

வாக்குமூலத்தை வைத்துப் பாக்கியசீலன் மனு போட்டார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரையும் ஸ்டேஷனுக்கு விசாரணைக்கு வரச் சொன்னார்கள். விளக்கம் கொடுக்க இன்னும் நாலே நாள்தான் பாக்கி.

இன்ஸ்பெக்டர் பழைய கேஸ் கட்டை விரித்து வைத்திருந்தார். ஒரு பெஞ்சின் இந்தக் கோடியில் நீலாம்பாள், அந்தக் கோடியில் சித்ரலேகா. நடுவில் நாலு பேர் உட்காரலாம்.

"இருபத்து மூணாம் நம்பர் யாரு?" என்றார்.

நீலாம்பாள் எழுந்தாள். "நான்தான் ஐயா."

"பேரு?"

அதே கேள்வி. இந்தத் தடவை நாக்கு ஒட்டவில்லை. "நீலாம்பாள். வீட்டுக்காரர் பேரு அம்மையப்பன். கதவு எண் பதினெட்டு" என்றாள். சொன்னதும் உடம்பிலிருந்து எதையோ இறக்கி வைத்தது போலிருந்தது. எழுதச் சொன்னார்கள், 'சித்ரலேகா' என்று ஒரு தாளில் அஞ்சு தடவை எழுதிக் காட்டினாள். ஜாமீன் தாளில் இருந்த கையெழுத்தும் அதுவும் ஒன்று என்று பார்த்தவுடனேயே தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் சித்ரலேகா பக்கம் திரும்பினார். "நீங்க மறியல்ல கலந்துக்கலன்னு நான் அறிக்கை அனுப்பிருதேன்மா. உங்களுக்கு இனி பிரச்சனை இல்ல. ஆனா இந்தம்மா உங்க பேரைப் பொய்யாச் சொல்லிருக்காவ. அவுங்க மேல புகார் எதுவும் கொடுக்கியளா? கொடுத்தா எழுதிக்கிடுதேன்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நீலாம்பாள் தரையைப் பார்த்தாள். கொடுத்தால் சரிதான் என்றே நினைத்தாள். கொடுக்க அவளுக்கு நியாயம் இருக்கிறது.

சித்ரலேகா எழுந்தாள். மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், குடம் என்னுது. நான்தான் கொடுத்து அனுப்புனேன். எனக்கும் சேத்து ரோட்டுல உக்காருங்கன்னு நான்தான் சொன்னேன். அக்கா உக்காந்தாவ. இவுங்க எல்லாரும் உக்காந்ததாலதான் எங்க தெருவுக்குத் தண்ணி வந்துச்சு. ஐப்பசியில எம்பிள்ள பொறந்தா. அந்தத் தண்ணியிலதான் அவளை மொத மொத குளிப்பாட்டுனோம்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கு மனசு வலிக்கத்தான் செய்யுது. அது எனக்கும் அக்காவுக்கும் உள்ளது. புகார் ஒண்ணும் இல்ல சார்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். நீலாம்பாள் பெஞ்சின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த அறிக்கை போய்ச் சேர்ந்து, விளக்கமும் ஏற்கப்பட்டு, மூன்றாவது வாரம் சித்ரலேகாவுக்கு வேலை ஆர்டர் வந்தது. ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். இப்போது தினமும் காலையில் பஸ் ஏறிப் போகிறாள். பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்துவிட்டது என்று கேள்வி. ஆனால் நீலாம்பாள் நினைத்து நினைத்துச் சொல்வது ஆர்டர் வந்த நாளை இல்லை, அந்த வெள்ளிக்கிழமை ஸ்டேஷனை விட்டு வெளியே வந்த நேரத்தைத்தான்.

வாசலில் வேப்பமரம். அதன் அடியில் நின்று நீலாம்பாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எட்டு நாளாகப் பேசாதவள் பைய வந்து பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, எனக்கு ஒரு சந்தேகம்."

"கேளுட்டி."

"அன்னைக்குச் சாயங்காலம் குடத்தைத் திருப்பித் தந்தியள்லா, அப்பவே இதைச் சொல்லிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு நெனச்சிய?"

எவ்வளவோ பேருக்குப் பதில் சொன்ன வாய். நீலாம்பாள் முந்தானையை விலக்கி அவளைப் பார்த்தாள். "தெரியலட்டி" என்றாள்.

"சிரிச்சிருப்பேன்க்கா" என்றாள் சித்ரலேகா. "ரெண்டு பேருமா மறுநாளே இங்கன வந்து பேரை மாத்திருப்போம்."

சொல்லிவிட்டு, நீலாம்பாளின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள்.